ரிச்சர்ட் வாரனின் மனைவி யார்?

1620-இல் மேஃப்ளவர் என்ற கப்பலில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் பிளிமத் குடியேற்றத்துக்கு வந்த ரிச்சர்ட் வாரனின் மனைவி, ஜுவாட் குடும்பத்தில் பிறந்து மார்ஷ் என்பவரை மணந்து விதவையான எலிசபெத் என்று சிலர் எழுதுகிறார்கள். பல குடும்ப மரங்களிலும் (வம்சாவளிப் படங்களிலும்) இது இருக்கிறது; அவர்கள் நம்பியதில் வியப்பில்லை. ஆனால் இது சரியல்ல. வாரனின் மனைவி, இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷையரைச் சேர்ந்த அகஸ்டின் வாக்கரின் மகள் எலிசபெத் வாக்கர்.

அதே ஹார்ட்ஃபோர்ட்ஷையரில் உள்ள கிரேட் ஆம்வெல் என்ற ஊரின் தேவாலயப் பதிவேட்டில் ரிச்சர்ட் வாரன், எலிசபெத் வாக்கர் திருமணம் 1610 ஏப்ரல் 14 அன்று பதிவாகியிருக்கிறது. இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ரிச்சர்ட் வாரன் என்ற பெயரில் இன்னொருவர் இருந்திருக்கலாம் அல்லவா? அந்த ஐயத்தைத் தீர்ப்பது மாமனாரின் உயில். 1613-இல் எழுதிய அதில் வாக்கர் தம் மகளை எலிசபெத் வாரன் என்றே குறிப்பிட்டு, அவளுடைய பிள்ளைகள் மேரி, ஆன், சாரா மூவரையும் பெயர் சொல்கிறார்.

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிளிமத்தில் 1627-இல் கால்நடைகளைப் பங்கிட்ட பட்டியல் அச்சில் கிடைக்கிறது. அதில் வாரன் குடும்பத்தைத் தேடுங்கள். மகள்கள் மேரி, ஆனா (உயிலில் ஆன்), சாரா, எலிசபெத், அபிகெயில் என்ற வரிசையில் வருவார்கள். முதல் மூவரும் உயிலில் உள்ள அதே மூவர்.

ஜுவாட், மார்ஷ் என்று எழுதும் மரங்களில் எந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் இன்னொரு மரத்தைத்தான் காட்டும்.