அலமாரிக்கு ஒரு சாண் ஆழம் போதும்

இடமே போதவில்லை என்று புலம்பும் சின்ன வீடுகளில் பெரும்பாலும் இரண்டடி ஆழ அலமாரி ஒன்று கட்டாயம் இருக்கும். எனக்கு அந்த அலமாரி மேல் தீராத கோபம் உண்டு. முன்வரிசையில் தினமும் எடுக்கும் சாமான். அதற்குப் பின்னால் எப்போதாவது எடுக்கும் சாமான். கடைசி வரிசையில், வீட்டில் இருப்பதே மறந்துபோய் மறுபடி வாங்கிவிட்ட சாமான். பின்னால் இருக்கும் ஒன்றை எடுக்க முன்னால் இருக்கும் நாலைக் கீழே இறக்க வேண்டும். இறக்கியது அப்படியே மேசைமேல் தங்கிவிடும். அப்புறம் மேசையும் போச்சு.

நாமே பலகை வாங்கி, அறுத்து, சுவரில் மாட்டப் போகிறோம் என்றால் என் கட்சி இதுதான்: ஆழத்தைக் குறையுங்கள். ஒரு வரிசைப் பொருள் நிற்கும் ஆழம் போதும். கையை விரித்தால் கிடைக்கும் ஒரு சாண், ஏறக்குறைய 9 இன்ச், முக்கால்வாசிப் பொருளுக்கு அதுவே தாராளம். கதைப் புத்தகம் பெரும்பாலும் 15 செ.மீ. தாண்டாது. ஏ4 நோட்டின் அகலம் 21 செ.மீ. டப்பா, பாட்டில், மருந்து, சார்ஜர், தையல் சாமான், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் இதற்குள் அடங்கும். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. பெரிய ஃபைலுக்கு 30 செ.மீ. வேண்டும், மடித்த சட்டைக்கு 35. ஹேங்கரில் தொங்கும் துணிக்கு 55 முதல் 60 வரை கொடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கதவு மூடாது. ஆனால் அந்த ஒரு துணி அலமாரியின் அளவை வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள எல்லா அலமாரியையும் கட்டுவதுதான் வம்பு.

ஆழம் குறைந்தால், இதுவரை எதற்கும் உதவாத சுவர்கள் உதவ ஆரம்பிக்கும். நாலடி அகல நடைபாதையில் 45 செ.மீ. ஆழ அலமாரி வைத்தால் நடக்க இரண்டரை அடிதான் மிஞ்சும். எதிரே ஒருவர் வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டியதுதான். அங்கேயே 20 செ.மீ. தட்டு அடித்தால் ஒரு மீட்டர் மிஞ்சும், யாருக்கும் இடிக்காது. திறந்த கதவுக்கும் சுவருக்கும் நடுவே கிடக்கும் இடுக்கில் 10 செ.மீ. தட்டுகள் போடலாம். கதவு நிலைக்கு மேலே, ஜன்னலுக்கு இரண்டு பக்கமும், கட்டிலின் தலைமாட்டில் என்று தேடினால் இப்படிப்பட்ட சுவர் நிறையக் கிடைக்கும்.

பலகைக் கணக்கும் இந்தக் கட்சிக்குத்தான் சாதகம். பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட்டாக வரும். நாலடி என்பது 1220 மி.மீ. ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் 3 மி.மீ. தின்னும். அதைக் கழித்தாலும் 20 செ.மீ. அகலத்தில் ஆறு பட்டைகள் கிடைக்கும். ஆறு எட்டு நாற்பத்தெட்டு அடி தட்டு! அதே ஷீட்டை 40 செ.மீ. அகலத்தில் அறுத்தால் இருபத்து நாலு அடிதான். பரப்பளவு ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றுதான். ஆனால் அந்த இருபத்து நாலு அடியில் பாதிப் பரப்பு பின்வரிசைக்குப் போய்விடுகிறது. நீளவாக்கில் அறுப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. பிளைவுட்டின் மேல் அடுக்கின் மர நார் வழக்கமாக எட்டடிப் பக்கமாக ஓடும், பலகை அந்தத் திசையில்தான் அதிகம் விறைப்பாக நிற்கும். கையால் நேராக அறுக்கத் தெரியாது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, வாங்கும் இடத்திலேயே மெஷினில் பட்டை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எட்டடிக்குக் கோணாமல் கையால் அறுப்பது பழகியவர்களுக்கே சிரமம்.

இப்போது சுவர். எல் பிராக்கெட்டில் நிற்கும் தட்டின் பாரம் முழுவதும் கீழ்நோக்கி மட்டும் போவதில்லை. மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து பிடுங்கவும் பார்க்கிறது. அந்த இழுப்பு இரண்டைப் பொறுத்தது: தட்டில் எவ்வளவு எடை, அந்த எடை சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது. ஆழத்தைப் பாதியாக்கினால் ஏறும் சாமானும் பாதியாகும், தள்ளி நிற்கும் தூரமும் பாதியாகும். பிராக்கெட்டின் உயரம் அதேதான் என்றால் மேல் ஸ்க்ரூவின் மேல் இழுப்பு கால் பங்காகிவிடும். நம்மைப் போல் அரைகுறையாகத் தெரிந்தவர்கள் அடிக்கும் ஸ்க்ரூவுக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது. பிராக்கெட் மாட்டும்போது நீளமான கை சுவரில் படியட்டும். அழகுக்காகத் திருப்பி மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

துளை போடும்போது கவனிக்க வேண்டியது பூச்சு. செங்கல் சுவரின் மேல் பூச்சே 12 முதல் 20 மி.மீ. வரை இருக்கும். ஸ்க்ரூ பிடிப்பதற்காகத் துளைக்குள் அடிக்கும் பிளாஸ்டிக் பிளக் முழுக்க அந்தப் பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டால் பிடிப்பே இருக்காது. பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் அது இறங்க வேண்டும். அதற்கேற்ற நீளத்தில் ஸ்க்ரூ வாங்குங்கள், துளையிலுள்ள தூளை ஊதி எடுத்துவிட்டுப் பிளக்கை அடியுங்கள். (இந்தப் பிளக் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற ஆங்கிலேயர் 1911 வாக்கில் கொண்டுவந்தது. அப்போது பிளாஸ்டிக் ஏது, சணல் நாரில்தான் செய்தார்கள். ராவல் பிளக் என்று நாம் சொல்வது அவர் பெயரிலிருந்து வந்ததுதான்.) சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் டிரில்லை வைக்காதீர்கள். ஒயர் அந்தக் கோட்டில்தான் பெரும்பாலும் ஓடும். குழாய் இருக்கும் சுவரிலும் அதே எச்சரிக்கை.

தட்டு தொய்வது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் தடிமனில் மட்டும் கவனம் வைக்கிறார்கள். தடிமன் முக்கியம்தான்: 12 மி.மீ. பலகையைவிட 18 மி.மீ. பலகை மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு. ஆனால் அதைவிடப் பெரிய ஆட்டம் தட்டைத் தாங்கும் பிராக்கெட்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தில் இருக்கிறது. அடிக்கு அடி ஒரே எடை என்று வைத்தால், இரண்டடி இடைவெளியை நாலடியாக்கும்போது தொய்வு பதினாறு மடங்காகும். இரட்டிப்பு இல்லை, பதினாறு! தடித்த புத்தகங்கள் ஓர் அடி நீளத்துக்கே 10 கிலோ வரை வரும். அதனால் புத்தகத் தட்டுக்கு 18 மி.மீ. பிளைவுட், இரண்டு இரண்டரை அடிக்கு ஒரு பிராக்கெட். முன்விளிம்பில் ஒன்றரை இன்ச் மரச்சட்டம் ஒன்றை நிற்கவைத்து ஒட்டி ஸ்க்ரூ போட்டால் விறைப்பு இன்னும் கூடும், பிளைவுட்டின் அடுக்குகளும் வெளியே தெரியாது. மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு வேண்டாம் என்பது என் கட்சி. மாதக்கணக்கில் எடை நின்றால் மெல்ல மெல்ல வளையும், தண்ணீர் பட்டால் ஊதிவிடும், ஒருமுறை கழற்றிய ஸ்க்ரூ அதே ஓட்டையில் திரும்பப் பிடிக்காது.

ஆழம் குறைவதில் ஒரு சங்கடமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சுவரில் தொங்காமல் தரையில் நிற்கும் உயரமான அலமாரி ஒரு சாண் ஆழம்தான் என்றால், சுலபமாக முன்னால் சாயும். சின்னக் குழந்தை கீழ்த்தட்டில் கால் வைத்து ஏறினாலே போதும். எனவே உச்சியில் இரண்டு எல் ஆங்கிள் வைத்துச் சுவரோடு பிணைப்பது கட்டாயம். கனமான சாமான் கீழே, லேசானது மேலே. இதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் அந்த அலமாரியே செய்ய வேண்டாம்.

வீட்டில் ஆழம் கொடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது வேலை மேசை. அலமாரியில் மிச்சம் பிடித்ததை இங்கே செலவழிக்கலாம். 60 செ.மீ. ஆழம் நல்லது, லேப்டாப் மட்டும் என்றால் 50 போதும். உயரம் 72 முதல் 75 செ.மீ. என்பது பொதுவான அளவு. அதைவிட உங்கள் முழங்கைதான் சரியான அளவுகோல்: நாற்காலியில் தோளைத் தளர்த்தி உட்கார்ந்தால் முழங்கை நிற்கும் உயரத்தில் கீபோர்டு இருக்க வேண்டும். குள்ளமானவர்களுக்கு 72கூட அதிகம். திரை ஒரு கை நீட்டும் தூரத்தில், மேல் விளிம்பு கண் மட்டத்தில். லேப்டாப்பை நாலு புத்தகத்தின் மேல் ஏற்றிவிட்டுத் தனிக் கீபோர்டு வைத்தால் கழுத்து நன்றி சொல்லும்.

மடக்கு மேசை பற்றி வீடியோக்களில் ஆஹா ஓஹோ என்கிறார்கள். சுவரிலிருந்து இறக்கினால் மேசை, ஏற்றினால் வெறும் சுவர். எனக்கு நம்பிக்கை இல்லை. அதை ஏற்ற வேண்டுமென்றால் மேலே இருப்பதை எல்லாம் எடுத்து வேறெங்காவது வைக்க வேண்டும். அந்த வேறெங்காவது என்ற இடம் இல்லாமல்தானே மடக்கு மேசைக்கே போனோம்? ஒரு வாரம் ஏற்றி இறக்குவார்கள், அப்புறம் அது நிரந்தரமாக இறங்கியே கிடக்கும், கீல்கள் ஆட ஆரம்பிக்கும். மூன்றடி நீளத்தில் அசையாத மேசை ஒன்று போட்டு, அதற்கு மேலே 45, 50 செ.மீ. உயரத்தில் சாண் ஆழத் தட்டு ஒன்று அடித்தால் போதும். தலை இடிக்காது. தட்டின் அடியில், முன்விளிம்பை ஒட்டி எல்இடி பட்டை ஒட்டினால் வெளிச்சம் மேசைமேல் நேராக விழும், நம் நிழல் நம் வேலையில் விழாது. எழுதப் படிக்க 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வேண்டும் என்கிறது ஐரோப்பிய அலுவலகத் தரநிலை. அறை நடுவில் எரியும் ஒற்றை விளக்கை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அதை எட்டுவது கஷ்டம். ஜன்னல் இருந்தால் பக்கவாட்டில் வரும்படி உட்காருங்கள். முன்னால் இருந்தால் கண் கூசும், பின்னால் இருந்தால் திரையில் அடிக்கும்.

கைக்கெட்டும் தூரம் என்பதை அளந்தே ஒரு அறையை வடிவமைத்தவர் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி. 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் புதுக் குடியிருப்புகளுக்காக, ரயில் உணவுப் பெட்டியின் சமையலறையைப் பார்த்து அவர் வரைந்த சமையலறை ஏறக்குறைய 1.9க்கு 3.4 மீட்டர்தான். சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்கிறோம் என்று கணக்கெடுத்துப் போட்ட அமைப்பு. அதில் எனக்கு ஒத்துவராத ஒன்று, பெயர் பொறித்த நிரந்தர அலுமினிய இழுப்பறைகள். எதில் எது இருக்க வேண்டும் என்று வரைந்தவரே முடிவுசெய்துவிட்டால் வாழ்கிறவருக்கு என்ன வேலை? அதனால்தான் தட்டுகளின் உயரத்தை மாற்ற வசதியாக, சுவரில் அடிக்கும் இரும்புத் துளைப் பட்டையில் கொக்கி மாட்டும் பிராக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள் என்கிறேன். பட்டையைத் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாக, இரண்டு பட்டையின் துளைகளையும் ரசமட்டம் பார்த்து ஒரே மட்டத்தில் அடித்துவிட்டால், பிறகு தட்டுகளை நினைத்தபடி ஏற்றி இறக்கலாம்.

வாடகை வீடு என்றால் இந்தப் பட்டைகள் இன்னும் தோது. ஒரு பட்டைக்கு நாலைந்து துளைகள்தான், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு பட்டி பார்த்து அடைத்துவிடலாம். தட்டுகளும் அடுத்த வீட்டுக்குக் கூடவே வரும். ஒரு சாண் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வண்டியில் இடமே கேட்காது. துளை போடும் முன் வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.