64 டிக்குகளும் கழன்றிருந்த ஒரு கிளாம்பும்

மொத்தம் 64 கேள்விகள். ஒப்பந்ததாரரின் ஆட்கள் ஆலைக்குள் வேலையைத் தொடங்கும் முன்பு தினமும் நிரப்ப வேண்டிய படிவம் அது. தலைக்கவசம் உண்டா, டிக். பாதுகாப்பு பெல்ட் உண்டா, டிக். சாரம் சரிபார்க்கப்பட்டதா, டிக். காலை எட்டு மணிக்கு கேட் திறக்கிறது. எட்டேகாலுக்குப் படிவம் என் மேசைக்கு வந்துவிடுகிறது. கேட்டிலிருந்து வேலை நடக்கும் இடத்துக்கு நடந்து போகவே பத்து நிமிடம் வேண்டும். மிச்சமிருக்கும் ஐந்து நிமிடத்தில் 64 கேள்விகளுக்கும் கண்ணால் பார்த்துத்தான் பதில் எழுதினார்களா? முடியாது என்பது எனக்குத் தெரியும், என் மேலாளருக்குத் தெரியும், ஆடிட் செய்ய வருபவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் வாங்கிக் கோப்பில் வைக்கிறோம்.

பதினோரு ஆண்டுகளாகப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்தப் படிவத்தின் மீது சலிப்பு எப்போதும் உண்டு. இப்போது வயிறு எரிகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியிருந்த நேரம். ஒரு பெரிய தொட்டியைச் சுற்றி ஒன்பது மீட்டர் உயரத்துக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். பெயின்ட் அடிக்கும் குழுவில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, மேல் தட்டில் கால் வைத்திருக்கிறான். பலகையைத் தாங்கிய குழாயின் கிளாம்பு இறுக்கப்படாமல் இருந்திருக்கிறது. குழாய் நழுவிப் பலகை சாய, அவன் பக்கத்தில் நின்ற செங்குத்துக் குழாயைக் கட்டிக்கொண்டு தொங்கியிருக்கிறான். பெல்ட் போட்டிருந்தான், ஆனால் அதன் கொக்கியை மாட்டுவதற்கு அங்கே ஒரு கயிறும் இல்லை. பலகை கீழே விழுந்தது. அது விழுந்த இடத்தில் சற்று முன்புவரை மூன்று பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மேஸ்திரி என்னைத் தனியாக அழைத்துப்போய், "எழுதிவிடாதீர்கள் சார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே" என்று கெஞ்சினார். நான் கேட்கவில்லை. அடிபடுவதற்கு முன்பே தெரியவந்த ஆபத்தை எழுதாமல் விட்டால் வேறு எதை எழுதுவது? அன்று மாலையே எழுதிக்கொடுத்தேன். கிளாம்பு, கொக்கி மாட்ட இடமில்லாதது, 'சரிபார்த்தாயிற்று, ஏறலாம்' என்பதற்கு அடையாளமாகச் சாரத்தில் தொங்கிய பச்சை அட்டை, அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டவர் எங்கள் நிறுவனத்தின் சூப்பர்வைசர் என்பது, எல்லாவற்றையும் எழுதினேன்.

என்ன நடந்தது தெரியுமா? ஒப்பந்ததாரருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அவர் அதை மேஸ்திரியின் கணக்கில் கழித்தார். பையனின் கேட் பாஸ் ரத்து, காரணம் 'கவனக்குறைவு'. பச்சை அட்டையில் கையெழுத்திட்டவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. சாரம் கட்டும் வேலையை யார் சரிபார்க்கிறார்கள், எப்போது, எவ்வளவு நேரம் எடுத்து என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோப்பை மூடிவிட்டார்கள். நான் எழுதிய அறிக்கையால் ஒருவன் பிழைப்பு போயிற்று. அவன் உயிரைக் காத்தது அவனுடைய கைப்பிடி மட்டும்தான்.

அதற்குப் பிறகு என்னிடம் ஒருவரும் எதையும் சொல்வதில்லை. நான் தளத்துக்குள் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. போன மாதம் 'மயிரிழையில் தப்பியவை' கணக்கில் பூஜ்யம். அதற்காக எங்கள் பிரிவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது! நானூறு பேர் உயரத்திலும் தொட்டிக்குள்ளும் நெருப்போடும் வேலை செய்த ஒரு மாதத்தில் ஒருவருக்குக்கூடக் கால் வழுக்கவில்லை, ஒரு ஸ்பானர்கூடக் கைதவறி விழவில்லை என்று நம்பச் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட பூஜ்யத்தைக் கண்டால் பயப்பட வேண்டாமா?

மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளைமேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். வேலைநாள் இழப்பு தரும் விபத்து ஏழு ஆண்டுகளாக இல்லை என்று ஊழியர்களைப் பாராட்டுவதற்காக மேலதிகாரிகள் அதே நாளில் அந்த மேடைக்கு வந்திருந்தார்கள். எங்கள் வாசலில் இருக்கும் 'விபத்தில்லா நாட்கள்' பலகையைக் கடக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

அந்தப் பலகையின் எண்ணைக் காப்பாற்ற என்னவெல்லாம் செய்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டும். விபத்தில் அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் அரசுக்குத் தகவல் தர வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 2020-இல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 48 மணி நேரம்தான். அதனால் விரலில் எலும்பு முறிந்த ஆளை மறுநாள் காலையில் வண்டி வைத்து அழைத்து வருகிறார்கள். ஸ்டோர் அறையில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார்கள். வருகைப்பதிவு போட்டாயிற்று, 'வேலைக்கு வந்துவிட்டார்'. கையில் மாவுக்கட்டோடு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு வெல்டரை அந்த நாற்காலியில் நானே பார்த்திருக்கிறேன். மனிதனை மனிதன் நடத்தும் முறையா இது? அவர் வீட்டில் படுத்திருக்க வேண்டிய நாட்கள் அவை.

ஒப்பந்தத் தொழிலாளி என்பதால்தானே இத்தனையும்! நிரந்தரத் தொழிலாளிக்கு இப்படிச் செய்ய முடியுமா, சங்கம் கேட்காதா? ஒப்பந்ததாரர் மூலம் வந்தவரும் தொழிலாளிதான் என்று தொழிற்சாலைகள் சட்டத்தில் 1976-லேயே திருத்தம் செய்து தெளிவாக எழுதிவிட்டார்கள். சட்டத்துக்குத் தெரிந்தது எங்கள் கூட்டங்களுக்குத் தெரியவில்லை. 'அது ஒப்பந்ததாரரின் ஆள்' என்ற ஒரே வாக்கியத்தில் எல்லாப் பொறுப்பையும் கேட்டுக்கு வெளியே தள்ளிவிடுகிறார்கள். நெய்வேலியில் 2020 மே மாதம் ஒரு கொதிகலன் வெடித்தது. அதே அனல்மின் நிலையத்தில் ஜூலை முதல் தேதி இன்னொன்று வெடித்தது. இரண்டு மாத இடைவெளிகூட இல்லை. அந்த விபத்துகளிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

காகிதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரியான நேரத்தில் சரியான கைக்குப் போகும் ஒரு தாள் உயிரைக் காக்கும். வடகடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதற்கு முறையாக பெர்மிட், அதாவது வேலை அனுமதித் தாள், எழுதப்பட்டும் இருந்தது. இரவுப் பணியாளர்களின் கண்ணில் அந்தத் தாள் படவில்லை. பம்பை ஓட்டினார்கள். 167 பேர் போனார்கள். எழுதியிருந்தும் யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் படிவம் யாருக்குத் தெரிவதற்காக எழுதப்படுகிறது? சாரத்தில் ஏறுபவனுக்கா? அவனுக்குத் தெரிந்தது ஒடியா. படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. காலைப் பாதுகாப்புப் பேச்சு தமிழில் நடக்கிறது. பேசி முடித்ததும் தலையாட்டுகிறார்கள், பிறகு ஒரே பேனாவில் ஒரே சாய்வில் 22 கையெழுத்துகள். மேஸ்திரியே உட்கார்ந்து போட்டுவிடுகிறார். அவரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபத்தொரு நாள் வேலையைப் பதினான்கு நாளில் முடிக்கச் சொல்லி அவர் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறோம். டெண்டரில் யார் விலை குறைவோ அவருக்கே வேலை. பாதுகாப்புக் கயிறுக்கும், சாரத்தைச் சரிபார்க்கத் தனி ஆளுக்கும் அந்த விலையில் இடம் ஏது? அதற்கென்று தனித் தொகை ஒதுக்குங்கள், அதைக் குறைத்துப் போட்டிபோட விடாதீர்கள் என்று மூன்று ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் கிடைத்த பதில், படிவத்தில் இன்னும் சில கேள்விகள். நாற்பது ஐம்பத்திரண்டாகி, இப்போது 64-இல் நிற்கிறது.

எனக்கு 64 வேண்டாம். ஆறு போதும். இறுக்கினாயா, அசைத்துப் பார்த்தாயா, கொக்கியை எங்கே மாட்டுவாய், கீழே யார் இருக்கிறார்கள், விழுந்தால் எப்படி இறக்குவோம், பயமாக இருந்தால் யாரிடம் சொல்வாய். இதை அவன் மொழியில், சாரத்தின் அடியில் நின்று, அவன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். அந்தக் கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்பவன் மறுநாளும் கேட் பாஸோடு உள்ளே வர வேண்டும். ஆபத்தைச் சொன்ன ஒப்பந்ததாரருக்கு மதிப்பெண்ணைக் கூட்டுங்கள், குறைக்காதீர்கள். இதற்கு வெளிநாட்டு நிபுணர் வேண்டுமா? புதிய மென்பொருள் வேண்டுமா? அடுத்த மாதம் இந்த 64 கேள்விகளையும் கைப்பேசிச் செயலியாக மாற்றப் போகிறார்களாம். டிக் அடிக்க இனி பேனாவும் வேண்டியதில்லை.

நேற்றுக் காலையும் எட்டேகாலுக்குப் படிவம் வந்தது. கூடவே பாதுகாப்புப் பேச்சில் கலந்துகொண்டவர்களின் கையெழுத்துத் தாள். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். பதினேழாவது பெயர் அந்தப் பையனுடையது. அதற்கு நேரே கையெழுத்தும் இருந்தது. அவன் ரயிலேறி ஊருக்குப் போய்ப் பதினாறு நாட்கள் ஆகின்றன.