வீட்டில் தமிழ் பேசினால் பூஜ்யமா?

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் தமிழர்கள் நிறைய இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பையன்களுக்கு ராணுவ அதிகாரித் தேர்வுப் பயிற்சி என்று சொல்லி ஒரு மையம் கொடுத்த அந்த நாலு பக்கத் தாளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாக எல்லார் வாட்ஸ்அப்பிலும் அதுதான் ஓடுகிறது. ஆளுமை, பின்னணி வினாத்தாளாம். அப்பா அதிகாரி என்றால் 5 மார்க், கூலி வேலை என்றால் 1. வீட்டில் ஆங்கிலம் பேசினால் 5, தமிழ் பேசினால் 0. கூட்டிப் பார்த்து, குறைந்தவர்களை முதல் நாளே அனுப்பிவிட்டார்கள்.

பின்னணி கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி நேர்காணலில் நிரப்பும் பிஐக்யூ என்ற சுயவிவரப் படிவத்திலும் பெற்றோர் படிப்பு, தொழில், வருமானம், தாய்மொழி, அதிக காலம் வாழ்ந்த ஊர், அது மாவட்டத் தலைநகரா என்பது வரை இருக்கிறது. நேர்காணல் செய்பவர் அதை வைத்துத்தான் கேள்வியைத் தொடங்குகிறார். பையன் எங்கிருந்து கிளம்பி எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்று பார்க்கத்தான் அது. மார்க் போடுகிற தாள் என்றால் கதையே வேறு. அதில் அவன் செய்ததைக் கேட்க வேண்டும், பிறந்ததைக் கேட்கக் கூடாது.

அப்படி ஒரு தாள் தயாரிப்பது ஒரு ராத்திரி வேலையும் இல்லை. இளம் அதிகாரி தினமும் என்ன செய்கிறார் என்று முதலில் எழுத வேண்டும். அதிலிருந்து பொறுப்பு, விடாப்பிடி, கூட்டு வேலை என்று குணங்களைப் பிரிக்க வேண்டும். 60 கேள்வி தேவையென்றால் 150 எழுதி வடிகட்ட வேண்டும். "நீ தலைமைப் பண்பு உள்ளவனா?" என்று கேட்டால் எவன் இல்லை என்பான்? "கடந்த ஒரு வருஷத்தில் மற்றவர்களைச் சேர்த்து நீ முடித்த வேலை எத்தனை?" என்று கேட்டால் எண்ணிச் சொல்லலாம், விசாரித்தும் பார்க்கலாம். "பள்ளி கிரிக்கெட் அணித் தலைவனா?" என்ற கேள்வி, அணியே இல்லாத பள்ளியில் படித்தவனைத் தண்டிக்கும். வாய்க்காலில் தண்ணி முறை வந்த ராத்திரி நாலு வீட்டுக்காரரை எழுப்பி மடை திருப்பியவனுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

எழுதிய பிறகு ஒரு கேள்விக்கு 5 முதல் 10 பேர் என்ற கணக்கில், 60 கேள்விக்குக் குறைந்தது 300 பேரிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்னால் பயிற்சியில் அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதோடு ஒப்பிட்டு மார்க் வைக்க வேண்டும். அந்த மார்க் சரியா என்று வேறொரு கூட்டத்திடம் மறுபடி சோதிக்க வேண்டும். வைத்த கூட்டத்திலேயே சோதித்தால் எந்தத் தாளும் நன்றாகத்தான் தெரியும். மேசையில் உட்கார்ந்து 5, 1, 0 என்று போடுவது வெறும் அபிப்பிராயம்.

"பையன்கள் பொய் எழுதுவார்களே" என்று சில அண்ணன்மார் இன்பாக்ஸில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்க ராணுவம் 1980களில் 'ஏபிள்' என்ற பின்னணி வினாத்தாளைத் தயாரித்தபோது இதே சிக்கல்தான் வந்தது. வேலை கிடைக்கும் என்று தெரிந்தால் ஆள் தன்னை உயர்த்தித்தான் எழுதுவான். அதனால்தான் பிற்பாடு, நல்லதோ கெட்டதோ, கேட்க ஒன்றுக்கொன்று சமமாகத் தெரியும் வாக்கியங்களைச் சேர்த்து வைத்து, "இதில் எது உனக்கு அதிகம் பொருந்தும், எது குறைவு?" என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறைக்குப் போனார்கள். மையத்துக்காரர்களே, நீங்கள் போட்ட தாள் பொய்யைப் பிடிக்கவில்லை, பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது. எனக்கு வந்த ஒரு படத்தில், வீட்டு மொழி என்ற இடத்தில் பையன் "தமிழ்" என்று எழுதி, அடித்துவிட்டு, மேலே ஆங்கிலத்தில் "இங்கிலீஷ்" என்று எழுதியிருக்கிறான். அடித்த கோடு காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

"இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள், குறை சொல்லாதே" என்கிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. இலவசம் என்றால் அவமானப்படுத்தலாமா?

கேரளத்தில் இருந்துகொண்டு தமிழ்ப் பள்ளியில் படித்து, மலையாளத்தில் விண்ணப்பம் நிரப்பி, வெளியூருக்குப் போய் ஆங்கிலத்தில் நேர்காணலுக்கு நிற்கிற பிள்ளை அது. எஸ்எஸ்பி-யில் 15 நொடிக்கு ஒரு வார்த்தையாக 60 வார்த்தைக்கு வாக்கியம் எழுத வேண்டும், 30 நிமிஷத்தில் 60 சூழ்நிலைக்குப் பதில் எழுத வேண்டும். அதற்குப் பழக்கிவிடுங்கள் என்றுதான் உங்களிடம் வந்தான். மூன்று மொழியில் புழங்குகிறவனுக்கு பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள்.

தொழில், மொழி இரண்டு கேள்விக்கும் போட்ட மார்க்கை எடுத்துவிட்டு, அனுப்பிய பையன்களின் தாளை மறுபடி கூட்டுங்கள். பிறகு நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போன் செய்து திரும்பக் கூப்பிடுங்கள்.