முள்ளிவாய்க்கால்: சனத்தைக் குறைத்து எழுதிய கணக்கு

2009 மே மாதம் இலங்கைப் போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒவ்வொரு மே மாதமும் வாதாடுகிறோம். எத்தனை பேர் உயிரோடு உள்ளே இருந்தார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அழிவு அந்த எண்ணிலேயே தொடங்கிவிட்டது.

2009 பெப்ரவரியில், போர் நடந்த வடபகுதியான வன்னிக்குள் 70,000 பேர்தான் என்றது அரசு. முல்லைத்தீவுக் கச்சேரி (மாவட்டச் செயலக) அதிகாரிகளின் கணக்கோ மூன்று இலட்சத்துக்கு மேல். அரிசியும் மருந்தும் சின்னக் கணக்குக்கே வந்தன. இப்போது ஒவ்வொரு மே 18 நினைவுநாளிலும் ஊற்றும் கஞ்சி, அரிசியைவிடத் தண்ணீர் கூடிய அந்தக் கஞ்சிதான். மயக்க மருந்து போதாமல் கை கால்களை அகற்றினார்கள். ஏற்ற இரத்தம் இல்லாதபோது, காயக்காரரின் இரத்தத்தையே துணியில் வடித்துத் திரும்ப ஏற்றினார்கள்.

சனம் ஒதுங்கலாம் என்று அரசு அறிவித்த 'பாதுகாப்பு வலயம்' ஜனவரியில் 35 சதுர கிலோமீற்றர், பெப்ரவரியில் 14, மே 8இல் ஏறத்தாழ 2. கடலுக்கும் நந்திக்கடல் ஏரிக்கும் நடுவே வெறும் மணல். ஆழமாக வெட்டினால் தண்ணீர் ஊறும், பங்கர் (பதுங்குகுழி) சுவர் சரியும். அதனால் சேலைகளைக் கிழித்துப் பை தைத்து, மணல் நிரப்பி அடுக்கினார்கள். அந்தப் பை மேலிருந்து விழும் எறிகணையைத் தாங்காது. வெளியேற முயன்றவர்களைப் புலிகள் சுட்டதையும், பிள்ளைகளைப் பிடித்துச் சென்றதையும் மறைத்துவிட்டு இந்த இழப்பைப் பேச முடியாது.

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011இல் செய்தது எளிய கழித்தல். 2008 ஒக்டோபரில் வன்னியில் 4,29,059 பேர். அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380. மிச்சம் 1,46,679. இது பிணங்களின் எண்ணிக்கை அல்ல, பதில் சொல்லப்படாதவர்களின் எண்ணிக்கை. ஐ.நா. நிபுணர் குழு 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது. வீடு வீடாகப் படிவம் கொடுத்து இதைத் தீர்க்க முடியாது. குடும்பமே போன வீட்டில் படிவம் நிரப்ப ஆளேது?

இறப்புச் சான்றிதழ் வாங்கினால் தேடலே முடிந்துவிடும் என்று அஞ்சிய, காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்காக, 2016இல் 'காணவில்லை' என்ற சான்றிதழுக்குச் சட்டம் வந்தது. காணி, வங்கி அலுவல்களுக்கு அது உதவும். ஆனால் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தெருவோரம் அமர்ந்த தாய்மார் கேட்டது வேறு: கடைசி நாட்களில் படையிடம் கையளிக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல். அதே ஆண்டு யூனில் ஜனாதிபதி சிறிசேன அதை வெளியிடுவதாக நேரில் வாக்களித்தார். அவர் பதவிக்காலம் முடியும்வரை அது வெளிவரவில்லை.