தெர்மாகோல் மயிலும் ஈட்டி மர மேஜையும்

ஏற்காட்டில் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்றின் கூடம். வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள், அதற்குள் வீடு முழுக்க வசந்தம் வந்துவிட வேண்டும் என்று முதலாளியின் மகள் லண்டனிலிருந்து ஒரு போட்டோவை அனுப்பிவிட்டுப் போனை வைத்துவிட்டார். சேலத்தில் கல்யாண மேடை போடும் பழனி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி வந்து, தலைசுற்றல் தெளியாமல் நிற்கிறார். எதிரே, பல வருஷமாக வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ராணியம்மா. (வீடு யாருடையது என்று கேட்டால் அக்கம்பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் இவரைத்தான் கைகாட்டுவார்கள்.)

பழனி: கவலையே படாதீங்க அக்கா. வாசலில் ஒரு ஆர்ச், மாடிப்படியில் செண்டுமல்லிச் சரம், இந்தச் சுவரில் நாலு ஆணி அடித்து வெல்வெட் துணி, அதற்கு முன்னால் தெர்மாகோல் மயில் இரண்டு. எல்லாம் ரெடியாக இருக்கிறது, போன முகூர்த்தத்துக்குச் செய்தது.

ராணியம்மா: ஆணியா? இது சுண்ணாம்புக் காரைச் சுவர் தம்பி. ஒரு ஆணிக்கு ஒரு முறம் காரை உதிரும். காலண்டர் மாட்ட வந்தவன் அதற்கப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை.

பழனி: சரி, ஆணி வேண்டாம். டேப் ஒட்டிக்கலாம்.

ராணியம்மா: டேப்பை உரித்தால் பெயின்ட்டும் கூடவே வரும்.

பழனி: அப்போ மயிலை எங்கேதான் நிறுத்துவது?

ராணியம்மா: சேலத்தில்.

பழனி: (போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து) சரி, மயிலை விடுங்க. இதில் இருப்பது துலிப் பூ. சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் போய்க் கேட்டால் குண்டுமல்லி, சன்னமல்லி, அரளி இதெல்லாம்தான் தருவார்கள். அதுவும் பங்குனி உத்திரம் வருகிறது, மல்லி விலையைக் கேட்டாலே மயக்கம் வரும்.

ராணியம்மா: நட்டு வளர்த்தால் என்ன? இங்கேதான் குளிர் இருக்கிறதே.

பழனி: இந்தக் குளிர் பத்தாது. அதன் கிழங்கு பத்து டிகிரிக்கும் கீழே பன்னிரண்டு வாரமாவது கிடந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். சீமையில் பனிக்காலத்துக்கு முன்னாடியே மண்ணில் புதைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுவார்கள், மிச்சத்தைக் குளிர் பார்த்துக்கொள்ளும். நம் மலை ஐயாயிரம் அடிதான், அத்தனை வாரம் அந்தக் குளிர் இங்கே நிற்காது. ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

ராணியம்மா: பன்னிரண்டு வாரமா? அப்போ இட்லி மாவை எங்கே வைப்பேன்?

பழனி: மாவு இருக்கலாம் அக்கா, பழம்தான் ஆகாது. பழத்திலிருந்து ஒரு வாயு வரும், அது பட்டால் கிழங்குக்குள்ளேயே மொட்டு செத்துவிடும்.

ராணியம்மா: இன்றைக்குச் செவ்வாய், அவர்கள் வருவது வெள்ளி. வேறு பூ சொல்லு.

பழனி: லில்லி? பெங்களூரிலிருந்து வரவழைத்துவிடலாம்.

ராணியம்மா: வேண்டவே வேண்டாம். அந்த மகரந்தம் ஒரு தடவை மேஜை விரிப்பில் கொட்டிவிட்டது. தெரியாத்தனமாக ஒரு வேலைக்காரப் பெண் ஈரத்துணியால் துடைத்தாள், விரிப்பே மஞ்சள் நீராடியது.

பழனி: பூ விரிந்ததும் நடுவில் ஆடும் ஆறு நுனியையும் கிள்ளிவிட்டால் கறை வராது.

ராணியம்மா: ஒரு பூவுக்கு ஆறா? இராத்திரி பூரா பேன் பார்ப்பது போல உட்கார்ந்திருப்பாயா?

(பழனி மனசுக்குள் கூலியைக் கணக்குப் போட்டுவிட்டு லில்லியைக் கைவிட்டார்.)

பழனி: இந்த வட்ட மேஜையையாவது கொடுங்க. பூக்காம்பு செருகும் பச்சை ஸ்பாஞ்சை நன்றாக ஊறவைத்து...

ராணியம்மா: இங்கே வா. இந்த வெள்ளை வளையம் தெரிகிறதா? ஈட்டி மரத்தில் எந்தத் துரையோ சூடான டம்ளரை வைத்துவிட்டார். துரை போனார், துரைகளின் ஆட்சியும் போனது, வளையம் போகவில்லை. உன் ஸ்பாஞ்ச் ஒழுகினால் இன்னொரு வளையம், அதற்கு உன் பெயரைத்தான் வைப்பேன்.

பழனி: பிறகு பூ எப்படி அக்கா நிற்கும்?

ராணியம்மா: பழைய அம்மா செய்த மாதிரி. கீழே கம்பளித் துணி, மேலே தாம்பாளம், அதன் மேல் பித்தளை அண்டா. கோழி வலையைக் கசக்கிப் பந்தாக்கி அண்டாவுக்குள் திணித்தால் எந்தக் காம்பும் சாயாது. இலையை மட்டும் தண்ணீரில் முங்க விடாதே, நாறிவிடும். தினம் தண்ணீர் மாற்று, செம்பில் மொண்டு ஊற்று, குழாயை இழுத்துக்கொண்டு கூடத்துக்குள் வராதே.

பழனி: (ஜன்னல் வழியாகப் பார்த்து) அதென்ன, கிளை நெடுக வெள்ளை மொட்டு?

ராணியம்மா: காப்பி. போன வாரம் நல்ல மழை. மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் தோட்டமே விடியற்காலையில் ஒரேயடியாக விரியும், மல்லிகை வாசனை வீட்டுக்குள்ளே வரும். இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் பழுப்பாகிவிடும்.

பழனி: வெள்ளிக்கிழமைக்குச் சரியாக இருக்குமே! அண்டா நிறைய வெட்டிவிடுவோம்!

ராணியம்மா: ஒவ்வொரு பூவும் ஒரு பழம் தம்பி. நீ அண்டா நிறைய வெட்டினால் அறுவடையில் மேஸ்திரி என்னிடம் கணக்குக் கேட்பார். காக்பர்ன் துரை 1820-களில் சேலத்துக்குக் கலெக்டராக வந்து மலையில் காப்பி போட்டாரே, பூ ஜாடிக்கா போட்டார்?

பழனி: அவர் பூவை ரசித்திருக்கவே மாட்டாரா?

ராணியம்மா: ரசித்திருப்பார், வெட்டியிருக்க மாட்டார். சரி, கொட்டகைக்குப் பின்னால் நாலு கிழட்டுச் செடி இருக்கிறது, எப்படியும் பிடுங்கப் போகிறோம். வெள்ளிக்கிழமை விடிய எழுந்து அதில் மட்டும் வெட்டிக்கொள். சுற்றிலும் செருக வேலியோரத்துப் பெரணி.

பழனி: வாசலில் பூந்தொட்டி?

ராணியம்மா: வை. இராத்திரி காட்டெருமை வந்து பார்க்கும். பிடித்திருந்தால் தின்றுவிட்டுப் போகும்.

பழனி: (போனில்) டேய், மயிலை இறக்கி வைத்துவிட்டு ஒரு கோழி வலை எடுத்துக்கொண்டு வா. ஆமாடா, கோழி வலை... இல்லடா, கோழி வேண்டாம்... அக்கா, நாட்டுக்கோழி இரண்டு சும்மா இருக்கிறது, அதையும் கொண்டு வரவா என்று கேட்கிறான்.

ராணியம்மா: வரச் சொல்லு. வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் கவிச்சி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.