ஸ்பீசீஸ் ஏன்னா தொட்டாச்சிணுங்கி

போன ஞாயித்துக்கிழம அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன், அம்மாவும் அங்கதான் இருந்தாங்க. அக்கா மக இந்த வருசம் ஃபோர்ம் ஃபோர், சயன்ஸ் ஸ்ட்ரீம். மேசையில பயோலஜி புத்தகத்த விரிச்சி வச்சிக்கிட்டு கண்ண மூடி ஏதோ முணுமுணுத்துக்கிட்டு இருந்தா, சாமி கும்புடுறாளோன்னு பாத்தேன். என்னம்மான்னு கேட்டா "பயோ எல்லாம் ஹஃபால் (மனப்பாடம்) பண்ணா போதும் மாமா, கீவோர்ட் விழுந்தா மார்க்கு விழும்"னு சொல்றா. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சி, ஏன்னா இதே டயலாக்க 2007ல நான் பேசியிருக்கேன், பேசி 2008ல ஃபோர்ம் ஃபைவ் முடிவுல எழுதற எஸ்பிஎம் அரசாங்கப் பரீட்சையில பயோலஜிக்கு 5சி வாங்கினவன். அதான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாத்தான் போகும், டைம் இருக்கறவங்க படிங்க.

எங்க ஊரு மலேசியாவுல குவாலா சிலாங்கூர் மாவட்டத்துல ஒரு தோட்டத்து டவுன். டவுன்னா ரெண்டு வரிசை சீனக் கடை, ஒரு மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடை, ஒரு மாரியம்மன் கோயிலு, பஸ்ஸு நிக்கற எடம், அவ்ளோதான். அதத் தாண்டினா எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்ணெய் எடுக்கற செம்பனை, நடுவுல கொஞ்சம் பால்மர (ரப்பர்) காடு மிச்சம் இருந்துச்சி. மலாயாவுல 1917ல முதல்முதலா வியாபாரத்துக்குன்னு செம்பனை நட்டாங்களே அந்தத் தென்னமரம் தோட்டம் இந்த மாவட்டத்துலதான் இருக்கு. பேரு தென்னமரம், நட்டது செம்பனை, நம்ம ஊரு அப்பிடித்தான். அதவிட வேடிக்கை, இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சது முப்பது வயசுக்கு மேல.

ஆறு வருசம் தமிழ்ப்பள்ளி, அப்பறம் மலாய்ப் பள்ளிக்குப் பழகறதுக்கு ஒரு வருசம் ரிமூவ் க்ளாஸ், 2004ல ஃபோர்ம் ஒன். அதுக்கு முந்தின வருசந்தான் அறிவியலும் கணக்கும் இங்கிலீசுலன்னு கொண்டு வந்திருந்தாங்க. ஆறாங்கிளாஸ் வரைக்கும் ஒளிச்சேர்க்கை, பச்சையம்னு எழுதின கை திடீர்னு ஃபோட்டோசிந்தசிஸ், க்ளோரோஃபில்னு எழுதணும். டீச்சர் வெளக்கம் சொல்றது மலாய்ல, புத்தகம் இங்கிலீசுல, மண்டைக்குள்ள ஓடுறது தமிழ்ல. எஸ்பிஎம் கேள்வித்தாள் ரெண்டு பாஷையிலயும் இருக்கும், ரெண்டையும் மாத்தி மாத்திப் படிச்சே எனக்குப் பாதி நேரம் போயிரும். ரொம்ப வருசமா நான் வாங்கின 5சிக்கு இந்த பாஷைதான் காரணம்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அதுல பாதி உண்மை. மீதிப் பாதியத்தான் இப்ப சொல்லப் போறேன்.

ஈகோலஜி பாடத்துல குவாட்ரட்னு ஒரு ப்ராக்டிக்கல் வரும், பயோ எடுத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம், திடல்ல கண்ண மூடி வீசணும், விழுந்த எடத்துல என்னென்ன செடி இருக்கு, எத்தன இருக்குன்னு எண்ணி அட்டவணை போடணும். எங்க க்ரூப்ல நாலு பேரு, நாலும் தோட்டத்துப் புள்ளைங்க. சட்டத்துக்குள்ள தொட்டாச்சிணுங்கி, கீழாநெல்லி, குப்பைமேனி, எல்லாமே எங்களுக்குத் தெரிஞ்ச ஆளுங்க, மஞ்சக்காமாலைக்குக் கீழாநெல்லி அரைச்சிக் குடுத்த பாட்டி வீட்டுல வளந்தவங்கதான நாங்க. ஆனா அட்டவணையில என்ன எழுதினோம் தெரியுமா? ஸ்பீசீஸ் ஏ, ஸ்பீசீஸ் பி, ஸ்பீசீஸ் சி. இங்கிலீசுல பேரு தெரியல, தமிழ்ப் பேர இங்கிலீஷ் எழுத்துல எழுதலாமான்னு கேக்கக் கூட யாருக்கும் தோணல. அத்தன தெளிவாத் தெரிஞ்ச செடிக்குப் பேரு தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்தோம். டீச்சரும் சரின்னு டிக் போட்டுட்டாங்க, ஏன்னா மார்க்கு எண்ணிக்கைக்குத்தான், பேருக்கு இல்ல.

டீச்சரக் கொற சொல்றேன்னு நெனச்சிடாதீங்க. அவங்க நல்லவங்க, சிலபஸ முடிக்கணும், ட்ரையல் பரீட்சை வந்துரும், அவங்களுக்கு அவங்க கஷ்டம். ஒரு தடவ அவங்க முயற்சியும் பண்ணாங்க, கெடுத்தது நான். ஆஸ்மோசிஸ் பாடம் நடக்குது, டர்கர் பிரஷர் வருது, அதான் தண்ணி நெறஞ்சி செல்ல உள்ளருந்து தள்ற அழுத்தம். திடீர்னு நிமிந்து பாத்து "இந்தக் க்ளாஸ்ல யாரு வீட்டுல பால் வெட்டுறாங்க? ஏன் விடியறதுக்கு முந்தியே வெட்டுறாங்கன்னு யாராவது சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. எங்கப்பா தெனமும் நாலு மணிக்கு எந்திரிச்சி வரக்கோப்பி குடிச்சிட்டு, நெத்தியில லைட்டக் கட்டிக்கிட்டு பெரட்டுக்கு, அதான் வேலைக்கு முன்ன பேர் கூப்புடற எடத்துக்கு, போற ஆளு. என் கைய தொடைக்கடியில வச்சி அழுத்திக்கிட்டேன். டவுன் புள்ளைங்க, டாக்டர் வீட்டுப் புள்ளைங்க ரெண்டு பேரு முன் வரிசையில உக்காந்திருக்காங்க, அவங்க முன்னாடி எங்கப்பா பால் வெட்டுறாருன்னு சொல்ல வெக்கம். பக்கத்துல இருந்தவனும் அதே தோட்டந்தான், அவனும் குனிஞ்சிக்கிட்டான். டீச்சர் கொஞ்ச நேரம் காத்திருந்தாங்க, அப்பறம் "தாக் அப்பா லா" (பரவாயில்ல)ன்னு சொல்லிட்டு ரத்தத்துல இருக்கற செல்ல உப்புத் தண்ணியில போட்டா சுருங்கும்னு பலகையில வரைய ஆரம்பிச்சிட்டாங்க.

பதில் ரொம்ப சிம்பிள். ராத்திரி பூரா இலை தண்ணிய வெளிய விடறது கம்மி, மரத்துக்குள்ள தண்ணி நெறஞ்சி நிக்கும், பட்டைக்குள்ள இருக்கற பால்குழாய்ல அழுத்தம் உச்சத்துல இருக்கறது விடியக்காலந்தான். வெயில் ஏறினா இலை வழியா தண்ணி போகும், அழுத்தம் எறங்கும், பாலும் கொறஞ்சிரும். எங்கப்பா இத "வெயிலு வந்தா மரம் பால உள்ள இழுத்துக்கும்டா"ன்னு சொல்லுவாரு. உள்ள இழுக்கறது இல்ல, வெளிய தள்ற பலம் கொறையுது, அவ்ளோதான் வித்தியாசம். எழுவது மார்க்கு அந்த மனுசனுக்குத் தாராளமாப் போடலாம்.

அவரு இன்னொண்ணும் சொல்லுவாரு, உளிய ஆழமா விட்டா பால் கூட வரும், ஆனா மரத்தக் காயப்படுத்திடாத. புதுசா வேலைக்கு வந்தவங்க காயம் போட்டா கங்காணி போடுற சத்தம் அடுத்த நிரை வரைக்கும் கேக்கும். இது என்னன்னா பால்குழாய் அடர்த்தியா இருக்கறது புதுப்பட்டைய வளத்து விடற கேம்பியம்ங்கற மெல்லிசு அடுக்குக்கு ஒட்டினாப்புலதான், அதுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாடி உளி நிக்கணும். கேம்பியத்துல பட்டுட்டா புதுப்பட்டை ஒழுங்கா வளராது, மொண்டி மொண்டியாப் பொடைக்கும், அப்பறம் அந்த எடத்துல வெட்டவே முடியாது. லைட்டு வெளிச்சத்துல, கொசுக்கடியில, ஒரு மரத்துக்கு அர நிமிசங்கூட நிக்காம அந்த ஒரு மில்லிமீட்டர அவரு கையாலயே அளந்தாரு. எனக்கு ஃபோர்ம் ஃபைவ்ல பட்டைய வளையமா உரிக்கற பரிசோதனை வந்துச்சி, வளையத்துக்கு மேல வீங்கும், ஏன்னா சக்கரையக் கடத்தற ஃப்ளோயம் போயிடுச்சி, இலையில செஞ்ச சக்கரை கீழ எறங்க முடியாது. மூணு நாள் மனப்பாடம் பண்ணேன். பால்மரத்தச் சுத்தி முழுசா ஏன் வெட்ட மாட்டேங்கறாங்க, பாதிச் சுத்துதான் ஏன்னு அப்பாட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருக்கும். கேக்கல. அப்பா இப்ப இல்ல.

பெத்தவங்க குணம் புள்ளைங்களுக்கு எப்பிடி வருதுன்னு பட்டாணிய வச்சிக் காட்டின மெண்டல் கதைக்கு வரேன். பட்டாணிச் செடி, நெட்டை குட்டை, சுருங்கினது உருண்டது. பட்டாணிச் செடிய எங்க டவுன்ல எவனும் பாத்ததே கெடையாது, எங்களுக்குப் பட்டாணின்னா டின்னுல வர்றது இல்லன்னா தீபாவளிக்கு வறுக்கறது. ஆனா எங்க லயத்துக்குப் பின்னாடியே மெண்டல் நின்னுக்கிட்டு இருந்தாரு. பக்கத்து வீட்டு மாமா ஒருத்தரு, கம்போங் (மலாய்க் கிராமம்) பக்கம் கொஞ்சம் நெலம் வாங்கி, தோட்டத்து மரத்தடியில தானா மொளைச்ச செம்பனைக் கன்னுங்களப் பிடுங்கிட்டுப் போயி நட்டாரு, ஓசியில கன்னு கெடச்சிருச்சின்னு ஒரே சந்தோசம். நாலு வருசம் கழிச்சி பாத்தா ஒரு மரம் நல்லாக் காய்க்குது, ஒண்ணுல கொட்டை ஓடு தடிமனா இருந்து சதையே இல்ல, ஒண்ணு பூத்து பூத்து உதிருது, குலையே தங்கல. மாமா மண்ணு சரியில்லன்னாரு, அத்தை எவனோ கண்ணு வச்சிட்டான்னு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டாங்க.

நடந்தது என்னன்னா தோட்டத்துல நிக்கறது தெனெராங்கற கலப்பு ரகம். தடிச்ச ஓடு இருக்கற டூராவையும் ஓடே இல்லாத பிசிஃபெராவையும் சேத்தா வர்றது அது, ஓடு மெலிசு, சதை கூட, எண்ணெய் கூட. 1941ல காங்கோவுல பெல்ஜியம்காரங்க இது ஒரே ஒரு ஜீன் விசயம்னு கண்டுபிடிச்சிட்டாங்க. தெனெராவும் தெனெராவும் சேந்தா பொறக்கற புள்ளைங்கள்ல கால்வாசி டூரா, பாதி தெனெரா, கால்வாசி பிசிஃபெரா, அந்த பிசிஃபெரா பெரும்பாலும் காயே தங்காது. ஒண்ணு ரெண்டு ஒண்ணு. நான் பரீட்சையில கட்டம் கட்டி எழுதின அதே கணக்குதான் மாமா நெலத்துல நின்னுச்சி, நாலு வருச ஒழைப்போட. புத்தகத்துல பட்டாணிக்குக் கீழ ஒரு வரி, ஒரே ஒரு வரி செம்பனை போட்டிருந்தா அந்த மாமாவுக்கு நானே சொல்லியிருப்பேன், கன்னு வாங்குங்க மாமா, பிடுங்காதீங்கன்னு. இல்ல, போட்டிருந்தாலும் ஹஃபால் பண்ணிட்டு மறந்திருப்பேனோ என்னவோ.

இப்ப அம்மா விசயம். இதுதான் என்னைய இன்னும் தூங்க விடல.

செம்பனையில ஆம்பளப் பூவும் பொம்பளப் பூவும் தனித்தனிக் குலை, ஒரே மரத்துலயே கொஞ்ச காலம் அது, கொஞ்ச காலம் இது. அந்தக் காலத்துல காய் சரியாப் பிடிக்காதுன்னு மனுசங்களே மகரந்தத்தக் கொண்டு போயி சேப்பாங்க. ஆம்பளப் பூவ வெட்டி, காயவச்சி, சலிச்சி, டால்க் பவுடரோட கலந்து, பொம்பளப் பூ மேல ஊதி விடணும். எங்கம்மா கல்யாணத்துக்கு முன்ன செஞ்ச வேலை அது, "பவுடர் அடிக்கற வேலை"ன்னு சொல்லுவாங்க. நான் சின்னதுல அது ஏதோ பூச்சி மருந்துன்னே நெனச்சிக்கிட்டு இருந்தேன். ஃபோர்ம் ஃபைவ்ல மகரந்தச் சேர்க்கை படிச்சப்ப கூட ரெண்டையும் முடிச்சிப் போடல. அம்மா வீட்டுல மீன் கழுவிக்கிட்டு இருக்காங்க, நான் ரூம்ல உக்காந்து பாலினேஷன்னா என்னன்னு மனப்பாடம் பண்றேன்.

ஞாயித்துக்கிழம பேத்தி புத்தகத்தப் பாத்துட்டு நான் சும்மா கேட்டேன், ஏம்மா பூ ரெடின்னு எப்பிடிக் கண்டுபிடிப்பீங்கன்னு. அம்மா கீரை ஆஞ்சிக்கிட்டே சொல்றாங்க, "வெளுத்த மஞ்சளா இருக்கறப்ப அடிக்கணும், ரெண்டு மூணு நாளுதான், செவந்துட்டா அவ்ளோதான், போச்சி. சோம்பு வாசம் வரும், தூரத்துலயே தெரியும், கறிக்கு வறுத்த மாதிரி." அக்கா மக பேனாவ வச்சிட்டா. எனக்கு மயிர்க்கூச்செரிஞ்சிடுச்சி, ஏன்னா அந்த சோம்பு வாசந்தான் விசயமே, பூச்சியக் கூப்புடறதே அந்த வாசந்தான்.

காத்துதான் செம்பனைக்கு மகரந்தம் சேக்குதுன்னு ரொம்ப காலம் நம்பிக்கிட்டு இருந்தாங்க. சையத்னு ஒரு பாகிஸ்தான்காரர், பூச்சி ஆராய்ச்சியாளர், ஆப்பிரிக்காவுல போயிப் பாத்து, காத்து இல்லப்பா, ஒரு சின்ன வண்டுதான்னு காட்டினாரு. கேமரூன்லருந்து அந்த வண்டக் கொண்டாந்து 1981ல இங்க வுட்டாங்க. ஆம்பளப் பூவுல குடியிருந்து அங்கயே குஞ்சு பொரிக்கும், வாசத்துக்கு ஏமாந்து பொம்பளப் பூவுக்கும் போகும், ஒடம்புல ஒட்டின மகரந்தம் அங்க விழும். கொஞ்ச நாள்லயே நாடு பூரா பரவி, பவுடர் அடிக்கற வேலைக்கு ஆளே தேவையில்லாமப் போச்சி. இத நான் சொல்லச் சொல்ல அம்மா கீரைய வுட்டுட்டாங்க.

"எங்களப் பெரட்டுல நிக்க வச்சி, நாளையிலேருந்து பவுடரு இல்ல, எல்லாம் மருந்துத் தொட்டிய தூக்குங்கன்னு கங்காணி சொன்னாரு. ஏன்னு ஒருத்தரும் சொல்லல. நான் சரியா அடிக்கலபோல, காய் பிடிக்கலபோலன்னு நெனச்சிக்கிட்டேன். ரெண்டு நாளு அழுதேன்."

நாப்பது வருசத்துக்கு மேல ஒரு பொம்பள தன் வேலை சரியில்லன்னு நெனச்சிக்கிட்டு இருந்திருக்காங்க. அதுக்கப்பறம் முதுகுல தொட்டியச் சொமந்து பாராகுவாட்ங்கற களைக்கொல்லிய அடிச்சி நகமெல்லாம் கறுத்து எகிறினது தனிக் கத. ஒளிச்சேர்க்கையில ஓடுற எலக்ட்ரான வழியிலயே புடுங்கி, செல்ல உள்ளருந்தே எரிக்கற மருந்து அது, இந்த நாட்டுல முழுசாத் தடை பண்ணது 2020 ஜனவரியில. ஒளிச்சேர்க்கையப் படம் போட்டு நான் படிச்ச வருசம் அம்மா அதத்தான் அடிச்சிக்கிட்டு இருந்தாங்க. அதே தொட்டாச்சிணுங்கி மேல. ஸ்பீசீஸ் ஏ.

எல்லாப் பாடத்தையும் தோட்டத்த வச்சே நடத்துங்கன்னு நான் சொல்ல வரல, க்ரெப்ஸ் சைக்கிளுக்கு எங்க போயி உதாரணம் தேடுறது, சிலத ஹஃபால்தான் பண்ணணும், வேற வழியில்ல. ஆனா தோட்டத்து டவுன்ல பயோ நடத்துற டீச்சருங்க ஒரு நாள், ஒரே ஒரு பீரியடு, ஒரு பால்வெட்டுக்காரர க்ளாஸுக்குக் கூட்டிட்டு வாங்க, உளியோட. இன்னும் ஒண்ணு ரெண்டு பேரு இருக்காங்க, ஓய்வு எடுத்தவங்க. டவுன் புள்ளைங்க முன்னாடி அவரு பேசட்டும், அப்பறம் பாப்போம் எந்தப் பையன் கைய தொடைக்கடியில வைக்கறான்னு.

அக்கா மக போன்ல அந்த வண்டோட படத்தத் தேடி எடுத்து பாட்டிட்ட காட்டினா. அரிசியில பாதி இருக்கும், கறுப்பா, மூக்கு நீட்டமா. அம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டு, பெருசு பண்ணச் சொல்லி, போன கிட்டக்க கொண்டு போயி ரொம்ப நேரம் பாத்தாங்க.

"அட, இதுவா! உதிரிப் பழம் பொறுக்கறப்ப கழுத்துல ஏறும், தட்டி விட்டுக்கிட்டே இருப்பேன்."