மார்புப் புற்றுநோய் ‘வெளிநாட்டு வருத்தம்’ இல்லை

“உது வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்கு வாற வருத்தம்.” மார்புப் புற்றுநோய் பற்றிக் கதை வந்தால் எங்கள் வன்னியில் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லுவார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

இந்தக் கதையில் பாதி உண்மை. வயதைச் சரிப்படுத்திக் கணக்கிட்டாலும், அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1 இலட்சம் பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 100 பேருக்கு இது புதிதாக வருகிறது. தென், மத்திய ஆசியாவில் 30க்கும் குறைவு. ஆனால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் இரத்தத்தால் வந்ததில்லை. ஜப்பானிலிருந்து அமெரிக்கா போன குடும்பங்களில், அங்கே பிறந்து வளர்ந்த பெண்களின் நோய் வீதம் அமெரிக்கரை நெருங்கியது. ஒன்றிரண்டு தலைமுறைக்குள் மரபணு மாறாது, வாழ்க்கைதான் மாறும்.

பிள்ளைகள் முந்தியே பெரியபிள்ளையாகிறார்கள். முதல் பிரசவம் பிந்துகிறது, ஒன்றிரண்டு பிள்ளையோடு நிற்கிறது, பால் கொடுக்கும் காலம் சுருங்குகிறது. மாதவிடாய் நின்ற பிறகு உடம்பு வைத்தால் கொழுப்பிலிருந்தும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் வரும். இவை எல்லாம் இந்த நோயின் ஆபத்தைக் கூட்டும், மதுவும் அப்படித்தான். 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002இல் பார்த்தபோது, தாய்ப்பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து 4.3 வீதமும், ஒவ்வொரு பிரசவத்துக்கும் மேலும் 7 வீதமும் குறைந்திருந்தது. ஆறேழு பெற்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடம் பால் கொடுத்து, வயலிலும் நின்ற எங்கள் அம்மம்மாக்களுக்குக் காவல் இருந்தது இதில்தான். இன்று கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளை, 84 நாள் பிரசவ லீவு முடிய மெசினுக்குத் திரும்புகிறாள். மத்தியானம் பால் கட்டி மார்பு நோக நோகத் தைக்கிறாள். வீட்டில் அம்மம்மா பால்மா கரைக்கிறா.

இதைச் சாட்டாக வைத்துப் பெண்களைக் குற்றம் சொல்ல வராதீர்கள். “படிப்பு படிப்பெண்டு நிண்டு பிந்திக் கலியாணம் கட்டினா இப்பிடித்தான்” என்று, வருத்தம் வந்த ஒருவரின் காதுபடவே சொன்னார்கள். எனக்கு நெஞ்சு பதறியது. ஊருக்கான கணக்கு வேறு, ஒருத்திக்கு ஏன் வந்தது என்பது வேறு. இந்த நோய் வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, பெண் என்பதையும் வயதையும் தவிர வேறு காரணி இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஐந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தவவுக்கும் வரும். எங்கள் பிள்ளைகள் படிப்பதும், எத்தனை பிள்ளை என்று தாங்களே முடிவெடுப்பதும் நல்ல மாற்றம். அதைத் திருப்பக் கூடாது. வேலைத்தலத்தில் பால் கொடுக்க இடமும் நேரமும் கேட்போம்.

எனக்குக் கோபம் வருவது இறப்புக் கணக்கைப் பார்க்கும்போதுதான். மிக வளர்ந்த நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இது வருகிறது, 71 பேரில் ஒருவர்தான் இறக்கிறார். மிகப் பின்தங்கிய நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது, ஆனால் 48 பேரில் ஒருவர் இறக்கிறார். அங்கே நோய் குறைவு, சாவு கூட. இலங்கை இந்த இரண்டுக்கும் நடுவில். வன்னி எந்தப் பக்கம் சாயும் என்பதை எவ்வளவு கெதியாகக் கண்டுபிடிக்கிறோம் என்பதுதான் தீர்மானிக்கும்.

மார்பையும் பரிசோதித்துப் பார்க்கும் சுகவனிதையர் கிளினிக் இலவசம். 35 வயதானதும் வரச்சொல்லிக் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து சொல்கிறா. “நோகேல்லைத்தானே” என்று இருந்துவிடுகிறோம். ஆரம்பத்தில் கட்டி பெரும்பாலும் நோகாது, அக்காமாரே. நோகும்வரை பார்த்திருக்காதீர்கள்.

சரி, போய்க் காட்டியாயிற்று. பிறகு? புதுக்குடியிருப்பிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு என்றால் விடிய முன்னம் பஸ் எடுத்து, பரந்தன் வந்து, யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். 2009க்குப் பிறகு தனி ஆளாகக் குடும்பத்தைத் தூக்கும் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி போன கணக்கு. இரண்டாந்தரம் போகாமல் விடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் தடவை காட்டியதிலிருந்து 60 நாளுக்குள் நோயை உறுதிப்படுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் றோட்டும் குளமும் கதைப்பவர்கள், எங்கள் மாவட்டத்தில் அது எத்தனை நாள் எடுக்கிறது என்று கேட்கட்டும். போய்வரும் பஸ் காசை யார் கொடுப்பது என்றும் கேட்கட்டும்.